பெரியப்பா எழுதாத கடிதம்

"எழுத்து என்னோடதுதாங்க. ஆனா நான் எழுதலைங்க."

பெரியப்பா இப்படிச் சொன்னதும் அந்த அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தாசில்தார் சிரித்தார். பதிவேட்டோடு நின்ற எழுத்தர் சிரித்தார். பண்ணை வீட்டின் காரியக்காரர் கலியமூர்த்தி, அங்கவஸ்திரத்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பெரியப்பாவும் நானும் மட்டும் சிரிக்கவில்லை.

மேசைமேல் பழுப்பேறிய தாளில் நீல மையில் ஒரு கடிதம் கிடந்தது. ம. செல்லையா ஆகிய நான், பாபநாசம் சாலையை ஒட்டிய ஆறு மா நிலத்தின் குத்தகையை முழுச் சம்மதத்துடன் விட்டுக்கொடுத்து, நிலத்தைப் பண்ணை வசம் ஒப்படைத்துவிட்டேன் என்று அதில் இருந்தது. கீழே கையெழுத்து. எட்டு வருடத்துக்கு முந்தைய தேதி.

ஆறு மா என்றால் ஏறக்குறைய இரண்டு ஏக்கர். எங்கள் குடும்பம் சாப்பிடும் சோறு அதிலிருந்துதான் வந்தது. அந்தக் கடிதத்தை அதிகாரி ஏற்றுக்கொண்டால் குத்தகைப் பதிவேட்டிலிருந்து பெரியப்பாவின் பெயர் போய்விடும். அப்புறம் நாற்றங்காலில் மஞ்சள் கல் நட்டு மனை போட்டுவிடுவார்கள். பக்கத்து வயலில் ஏற்கெனவே நட்டிருந்தார்கள்.

"எட்டு வருசமா இவரு கூலிக்குத்தாங்க உழுதாரு" என்றார் கலியமூர்த்தி. "எழுதிக் குடுத்துட்டு இப்ப இல்லேங்கிறாரு."

"ஏம்ப்பா செல்லையா, இந்தத் தாலுகா ஆபீஸ்ல உன் எழுத்து தெரியாதவன் யாரு?" என்றார் தாசில்தார். பெரியப்பாவைவிட அவர் பத்து வயதாவது இளையவர். "உன் எழுத்துதான்னு நீயே சொல்லிட்டே. அப்புறம் என்ன?"

பத்து நாள் அவகாசம் கொடுத்து, கடிதத்தின் ஜெராக்ஸ் பிரதி ஒன்றையும் கொடுத்தார்கள்.

வெளியே வந்ததும் நான் பொரிந்துவிட்டேன். "என்ன பெரியப்பா இது? என் எழுத்தே இல்லேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"என் எழுத்த எப்பிடிம்மா என்னோடது இல்லேங்கிறது?" என்றார். "அந்தக் கொம்பு வளைவு, அந்த வால் எல்லாம் நாந்தான். ஆனா எழிலு, சத்தியமா நான் எழுதல."

அவர் பொய் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். கடிதமும் அவருடைய எழுத்தில்தான் இருந்தது. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று பஸ் வரும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கை

பெரியப்பாவின் எழுத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அவருடைய அப்பா, அதாவது என் தாத்தா, அந்தப் பண்ணையில் ஆளாக இருந்தவர். கூலி உயர்த்திக் கேட்டு அறுவடை நின்றுபோன ஒரு வருடம், அவரைப் பண்ணை வீட்டுக்குக் கூப்பிட்டு வெறும் தாளில் ரேகை வைக்கச் சொன்னார்கள். வைத்தார். அப்போது அவருக்குக் குத்தகைக்கு இருந்தது மூன்று மா. அதை விட்டுவிட்டதாகப் பிறகு அந்தத் தாளில் எழுதிக்கொண்டார்கள். படிக்கத் தெரியாத மனிதரிடம் படித்துக் காட்டவும் இல்லை.

பெரியப்பாவுக்கு அப்போது எட்டு வயதோ ஒன்பதோ. அந்த வருடத்திலிருந்து எழுத்தின் மேல் அவருக்கு ஒரு வெறி. கிடைத்த எழுத்தையெல்லாம் பார்த்து எழுதியிருக்கிறார்: தேர்தல் சுவர்கள், உர மூட்டைகள், பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ஊர்ப் பெயர், வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் கட்டியிருக்கும் கொடித் துணி. எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து அவருடைய எழுத்து உருவாகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் ரேகை வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் அவர்தான்.

குத்தகைதாரர்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவந்தபோது, தான் பிறகு குத்தகைக்கு எடுத்திருந்த ஆறு மாவுக்கும் சேர்த்து, எங்கள் தெரு முழுவதற்கும் மனு எழுதியவர் அவர். ஒவ்வொரு மனுவும் பத்திரிகை அடித்தது போல் இருக்குமாம். ஆட்சிகள் மாறின, மனுக்கள் நிற்கவில்லை. ரேஷன் கார்டு, தொகுப்பு வீடு, வாய்க்கால் தூர் எடுப்பது என்று எல்லாவற்றுக்கும் அவர் எழுத்துதான் போகும். தாலுகா ஆபீஸ் அலமாரிகளில் அவருடைய எழுத்து கட்டுக் கட்டாக இருந்தது.

அதைத்தான் அந்த அதிகாரி அவருக்கு எதிராகத் திருப்பினார். தெருவுக்கே உரிமை எழுதிக் கொடுத்த கையை, தன் உரிமையை எழுதிக் கொடுத்த கை என்றார்கள். இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு கொதிக்கிறது.

பூங்கொடி

அந்தக் காலத்தில் நான் தஞ்சாவூரில் சேவியர் சார் நடத்திய ஆப்செட் அச்சகத்தில் வேலை பார்த்தேன். பாலிடெக்னிக்கில் அச்சுத் தொழில்நுட்பம் படித்து முடித்திருந்தேன். கணினியில் தமிழ் எழுத்துரு வந்த புதிது. இருந்தவை எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி விறைப்பாக நிற்கும். கல்யாணப் பத்திரிகைக்கு வருகிறவர்களோ, "கையால எழுதின மாதிரி ஏதாச்சும் இருக்குங்களா?" என்று கேட்பார்கள்.

கையால் எழுதியது எங்கள் வீட்டிலேயே இருந்தது.

நான் எதற்கும் பட்டியல் போடுகிறவள். ஒரு தாளில் கட்டம் போட்டேன். உயிர் பன்னிரண்டு. ககரம் முதல் னகரம் வரை பதினெட்டு. கி, கீ வரிசைக்குக் கொக்கி. கு, கூ வரிசை ஒவ்வொன்றும் தனித்தனி வடிவம் என்பதால் முப்பத்தாறு. கால், கொம்பு, புள்ளி. எண்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை களை பறித்துவிட்டு வந்து, கை கால் கழுவிக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் பெரியப்பா ஓர் எழுத்தை உட்கார வைத்தார்.

"எதுக்கும்மா இது?"

"கல்யாணப் பத்திரிகை அடிக்க பெரியப்பா."

"அப்ப பண்ணை வீட்டுப் பத்திரிகையும் நம்ம எழுத்துலதான் அடிப்பாங்கன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் நாலு மாதம் உழைத்தேன்.

தாளை ஸ்கேன் செய்து, ஒவ்வொரு எழுத்தின் ஓரத்தையும் புள்ளி புள்ளியாக இழுத்துச் சரிசெய்ய வேண்டும். எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எந்த எழுத்து வந்து நின்றாலும் இடைவெளி உறுத்தக் கூடாது. 'கு' எழுதும்போது பேனா ஓரிடத்தில் விக்கி, வாலில் ஒரு சின்ன வெள்ளை விழுந்திருந்தது. அதை அடைக்கலாமா என்று யோசித்தேன். கையெழுத்து என்றால் அப்படித்தானே இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

எழுத்துருவுக்கு 'செல்லையா' என்று பெயர் வைத்திருந்தேன். சேவியர் சார் திரையைப் பார்த்துவிட்டு, "எழுத்து ஜோரா இருக்கு. ஆனா செல்லையான்னு பேரு வச்சா எவம்மா கல்யாணப் பத்திரிகைக்கு எடுப்பான்?" என்றார். மறுநாள் அதன் பெயர் 'பூங்கொடி' ஆகியிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது உள்ளே கிடந்து உறுத்திக்கொண்டிருந்தது.

பூங்கொடி ஓடிய ஓட்டம்

கல்யாணத்தில் தொடங்கியது. பிறகு மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, புதுமனை. கும்பகோணத்தில் ஓர் இனிப்புக் கடைப் பெட்டி. சுவாமிமலையில் சிலை வார்க்கும் ஒரு பட்டறையின் விசிட்டிங் கார்டு. மாதா கோயில் தேர் பவனி நோட்டீஸ். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் இரண்டு பேர் ஒரே வாரத்தில் தங்கள் தலைவரை வாழ்த்தி அடித்த சுவரொட்டிகள், இரண்டும் பெரியப்பாவின் கையால் வாழ்த்தின.

இந்த மாதிரி எழுத்துருவுக்குச் சில மரியாதைகள் உண்டு. நாலு வரிக்குமேல் ஓடவிடக் கூடாது. பெயருக்கும் அழைப்புக்கும் சரி, முகவரிக்கும் சட்டத்துக்கும் ஆகாது. பக்கவாட்டில் இழுக்கக் கூடாது. நிழல் போடவே கூடாது. இவற்றை வரிசையாக ஒரு தாளில் எழுதிக் கணினிக்கு மேலே ஒட்டி வைத்தேன். யாரும் மதிக்கவில்லை. பெரியப்பாவின் எழுத்தை ரப்பர் போல இழுத்துக் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் போட்டிருந்ததைப் பழைய பஸ் நிலையத்தில் பார்த்தபோது, அவரையே யாரோ கையையும் காலையும் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது.

சேவியர் சார் அதை ஃப்ளாப்பியில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். "எழுத்து எல்லாருக்கும் பொதுதானேம்மா?" என்பார். எழுத்து பொதுதான். கை பொது இல்லையே சார் என்று நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும்.

நான் செய்த தப்பு

கலியமூர்த்தி ஒருநாள் அச்சகத்துக்கு வந்தார். பண்ணை வீட்டில் ஒரு சீமந்தம். மாதிரிப் பத்திரிகைகளைப் புரட்டியவர் பூங்கொடியில் வந்து நின்றார்.

"இது நல்லாருக்கே. யாரு கைம்மா இது? எங்கயோ பாத்த மாதிரி இருக்கு."

பெயரை மாற்றியதில் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த நொடியில் நாக்குக்கு வந்துவிட்டது. "பூங்கொடியும் இல்ல ஒண்ணும் இல்லீங்க. எங்க பெரியப்பா எழுத்து. உங்க ஆறு மா குத்தகைக்காரரு செல்லையா."

"அட!" என்றார். "நம்ம செல்லையாவா?" பத்திரிகையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "அச்சு அசல் அப்பிடியே இருக்கே. இதுல எதை வேணும்னாலும் அடிக்கலாமா?"

"எதை வேணும்னாலும் அடிக்கலாங்க" என்றேன் பெருமையாக.

பந்தல் பேனருக்கு வேண்டும் என்று சேவியர் சாரிடம் ஃப்ளாப்பி வாங்கிக்கொண்டு போனார்.

இதையெல்லாம் அந்தப் பத்து நாள் அவகாசத்தில் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது என்று சொன்னால் பொய். முதல் மூன்று நாள் ஜெராக்ஸ் பிரதியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் மத்தியானம், அச்சகத்தில் சாப்பாட்டு நேரத்தில், பழக்கதோஷத்தில் பட்டியல் போட ஆரம்பித்தேன். கடிதத்தில் எத்தனை 'க', எத்தனை 'ம', எத்தனை 'கு'.

'கு' ஐந்து இருந்தது. ஐந்தின் வாலிலும் அதே இடத்தில் அதே சின்ன வெள்ளை.

கட்டம் போட்ட தாளில் பெரியப்பாவின் பேனா ஒரே ஒரு தடவைதான் விக்கியது. கடிதத்தில் ஐந்து தடவையும் அதே இடத்தில் எப்படி விக்கும்? டிபன் பாக்ஸை மூடிவிட்டேன்.

அவர் எழுத்தைத் திருடியது கலியமூர்த்தி. ஆனால் திருடுவதற்கு வசதியாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்தது நான். யாருடைய கை என்று விலாசமும் சொல்லியிருந்தேன்.

டிரேஸ் தாள்

ஆப்செட் அச்சகத்தில் டிரேஸ் தாள் என்று ஒன்று உண்டு. பின்னால் இருப்பது தெரிகிற மெல்லிய தாள். பக்கத்தை அதில் பிரிண்ட் எடுத்துத்தான் அச்சுத் தகடு செய்வோம்.

கடிதத்தை ஒரு வார்த்தை விடாமல் பூங்கொடியில் அடித்தேன். எழுத்தின் அளவைப் பதினாறு பாயின்ட் என்று வைத்துப் பிரிண்ட் எடுத்து ஜெராக்ஸ் மேல் வைத்தேன். வரி முந்திக்கொண்டது. பதினெட்டு வைத்தேன். பிந்தியது. பதினேழு வைத்தேன். முதல் எழுத்திலிருந்து கடைசிக் கையெழுத்து வரை ஒன்றின்மேல் ஒன்று அப்படியே படிந்தது. வரிகளுக்கு நடுவே இருந்த இடைவெளியைக்கூட அவர்கள் மாற்றவில்லை. கணினி கொடுத்ததை அப்படியே வைத்து, பழைய தாளில் நீல மை பிரிண்டரில் எடுத்திருந்தார்கள். ம. செல்லையா என்ற கையெழுத்தையும் டைப் அடித்திருந்தார்கள். ஒரு மனிதன் தன் பெயரையும் சீமந்தப் பத்திரிகை மாதிரியேதான் எழுதுவான் என்று நினைத்துவிட்டார்கள்.

பத்தாம் நாள் பெரியப்பாவோடு, கையில் நாலு சாமான் எடுத்துப் போனேன். பெரியப்பா எழுதிய கட்டத் தாள், டிரேஸ் தாள், பூங்கொடியில் அடித்த முதல் கல்யாணப் பத்திரிகை, ஒரு கோடில்லாத வெள்ளை நோட்டு.

தாசில்தார் முதலில் அலுத்துக்கொண்டார். "என்ன பாப்பா இது, பட்டம் விடப்போறியா?"

"அசல் கடிதத்து மேல வச்சுப் பாருங்கய்யா. மேல் ஓரத்தச் சேத்து வைங்க."

வைத்தார். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். கொஞ்சம் நகர்த்தினார். எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்து, அப்புறம் ஒன்றாகி, ஒரே கடிதமாக நின்றது. அவர் முகத்திலிருந்த அலுப்பு போய்விட்டது. எழுத்தர் பதிவேட்டைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர்ல என்ன வேணா பண்ணலாங்க" என்றார் கலியமூர்த்தி. "மாயாஜாலம்."

"அதைத்தாங்க நானும் சொல்றேன்" என்றேன்.

தாசில்தார் தாளை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இந்த எழுத்தக் கம்ப்யூட்டர்ல ஏத்தினது யாரு?"

"நாந்தாங்க."

"அப்ப இந்தக் கடிதத்தையும் நீயே அடிச்சிருக்கலாமுல்ல?"

பொய்க் கடிதத்தைக் கொண்டுவந்தவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கேள்வியோ நிற்கிறவளிடம் வருகிறது. ஆனால் கத்தினால் காரியம் கெடும் என்று தெரியும். மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்திக்கொண்டேன்.

"அடிச்சிருக்கலாங்கய்யா. நான் அடிச்சாலும் அவங்க அடிச்சாலும் இது எட்டு வருசத்துக்கு முன்னாடி எழுதினதா இருக்க முடியாது. இந்த எழுத்துருவுல அடிச்ச முதல் பத்திரிகை இது. கல்யாணத் தேதியப் பாருங்க, ரெண்டு வருசம்கூட ஆகல. எட்டு வருசத்துக்கு முன்னாடி நான் ஒம்பதாங் கிளாஸுங்க. கம்ப்யூட்டரக் கண்ணால பாத்ததில்ல."

வெள்ளை நோட்டை எடுத்து மேசைமேல் விரித்து வைத்தேன்.

"எங்க பெரியப்பாவ இந்த நோட்டுல பத்துத் தடவ கையெழுத்துப் போடச் சொல்லுங்க. பத்துல ரெண்டு ஒண்ணுபோல இருந்தா நாங்க போயிர்றோம்."

பெரியப்பா போட்டார். ஒன்றில் 'செ'யின் கொம்பு குட்டை. ஒன்றில் புள்ளி தள்ளி விழுந்தது. வரி போகப் போக வலப்பக்கம் மேலே ஏறியது. அவர் எழுத்து எப்போதுமே கொஞ்சம் ஏறும், கட்டத் தாளில் தனித்தனி எழுத்தாக வாங்கியதால் எனக்கு அது பிடிபடாமல் போயிருந்தது. கடிதத்தின் வரிகளோ அடிக்கோல் வைத்த மாதிரி நேராக இருந்தன.

தாசில்தார் பத்துக் கையெழுத்தையும் பார்த்தார். கடிதத்தைப் பார்த்தார். பிறகு அதை மடித்துக் கோப்பின் கடைசியில் செருகினார்.

ரேகை

உத்தரவு அன்று மாலைக்குள் வந்துவிட்டது. கடிதத்தை ஏற்பதற்கில்லை, பதிவேட்டில் ம. செல்லையாவின் பெயர் அப்படியே இருக்கும்.

நான் வேறொன்றுக்காகவும் காத்திருந்தேன். பொய்க் கடிதம் செய்தது யார் என்று யாராவது ஒரு வார்த்தை கேட்பார்கள் என்று. கேட்கவில்லை. "பாத்துக் கொண்டாங்க கலியமூர்த்தி, இனிமே இப்பிடி எடுத்துக்கிட்டு வராதீங்க" என்றார் தாசில்தார். அவ்வளவுதான். கொண்டாங்க, வராதீங்க. திருட்டுத் தாளைக் கொண்டுவந்தவருக்கு அத்தனை 'ங்க'. கலியமூர்த்தி கும்பிட்டுவிட்டு, போகிறபோக்கில் என்னிடம், "கெட்டிக்காரப் பொண்ணும்மா நீ" என்று பாராட்டிவிட்டு வேறு போனார்.

"யோவ் செல்லையா, இங்க ஒரு கையெழுத்துப் போட்டு உத்தரவு காப்பி வாங்கிக்க" என்று எழுத்தர் பேனாவை நீட்டினார்.

அந்த எழுத்தரின் மேசைக்குப் பக்கத்துச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெஞ்சு உயரத்தில் ஒரு முழ அகலத்துக்குச் சுண்ணாம்பே தெரியாது. ரேகை வைத்தவர்கள் வைத்துவிட்டு விரலைத் துடைத்த இடம். எத்தனையோ வருடத்து மை. பெரியப்பா அந்த அலுவலகத்துக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறார், ஒரு தடவைகூட அந்தச் சுவரை ஒட்டி நின்றதில்லை. வெள்ளைச் சட்டையில் பட்டுவிடும் என்று தள்ளியே நிற்பார்.

நீட்டிய பேனாவை அவர் வாங்கவில்லை. மேசைமேல் இருந்த மைப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார்.

"எழுதத் தெரிஞ்ச ஆளுக்கு எதுக்குய்யா ரேகை?" என்றார் எழுத்தர்.

"வேணாம் பெரியப்பா" என்று நான் அவர் முழங்கையைப் பிடித்தேன். "அதான் ஜெயிச்சுட்டோம்ல. எழுதுங்க. உங்க எழுத்துல எழுதுங்க."

"அது இப்ப எல்லாருகிட்டயும் இருக்கும்மா" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

கட்டைவிரலை மையில் உருட்டி, பதிவேட்டில் அழுத்தி, எடுத்தார். தாத்தாவுக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் விழுந்த முதல் ரேகை. உத்தரவுப் பிரதியை வாங்கி, மை படாமல் மடித்து என்னிடம் கொடுத்தார்.

பிறகு இரண்டடி நகர்ந்து போய், அந்தச் சுவரில் விரலைத் துடைத்துக்கொண்டார்.